மூடிய குப்பைமேட்டின் மீத்தேனைப் பிடித்துக் கார்பன் கிரெடிட் பெறுவது: முழுமையான வழிகாட்டி

குப்பை கொட்டுவதை நிறுத்தி, மேலே மண் பரப்பி, வேலி போட்டுவிட்டால் ஒரு குப்பைக் கிடங்கின் கதை முடிந்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். உள்ளே வேலை நிற்பதில்லை. காற்றுப் புகாத ஆழத்தில் உணவுக் கழிவையும் காகிதத்தையும் மரத்தையும் நுண்ணுயிர்கள் பல ஆண்டுகளுக்குச் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன. வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் 28 டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் மதிப்பீட்டறிக்கை. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் கணக்குக் கொடுப்பதும் இந்த அறிக்கையின் எண்களை வைத்துத்தான்.

அந்த மீத்தேனைக் குழாய் வழியே உறிஞ்சி எரித்தால் அது கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. அந்தக் கார்பன் செடிகொடியிலிருந்து வந்தது என்பதால் அதைப் புது உமிழ்வாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. தவிர்த்த மீத்தேன் முழுவதும் உங்கள் பக்கம் வரவு. ஒரு டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமமான உமிழ்வைத் தவிர்த்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றுதான் ஒரு கார்பன் கிரெடிட். மரம் நட்டுக் கிரெடிட் வாங்குபவர்களுக்கு இருக்கும் பெரிய பயம், அதாவது நாளை காடு எரிந்தால் என்ன செய்வது என்ற பயம், இதில் இல்லை. எரித்த மீத்தேன் திரும்பி வராது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனாலும் இத்தகைய திட்டங்களில் பல, தொடக்கத்தில் எழுதிக்கொடுத்த எண்ணை எட்டவே இல்லை. அதற்குக் காரணம் தொழில்நுட்பம் புதிராக இருப்பது அல்ல. இரண்டு விஷயங்களைப் பலர் கடைசிவரை மனதில் வைப்பதில்லை. மூடிய நாளிலிருந்து வாயு குறைந்துகொண்டே போகிறது என்பது ஒன்று. உருவான மீத்தேனுக்கும் பிடித்த மீத்தேனுக்கும் யாரும் கிரெடிட் தருவதில்லை, எரிந்தது என்று பதிவேட்டில் நிரூபித்த மீத்தேனுக்குத்தான் தருகிறார்கள் என்பது மற்றொன்று. கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றித்தான்.

படி 1: வாயு யாருடையது? சட்டம் ஏற்கெனவே கேட்கிறதா?

செலவில்லாத கேள்விகளை முதலில் கேளுங்கள். நிலம் ஒருவருடையது, குப்பை இன்னொருவருடையது, மூடிப் பராமரிக்கும் ஒப்பந்தம் மூன்றாமவருடையது என்றால் வாயு யாருக்குச் சொந்தம்? கிரெடிட் யார் பெயரில் வரும்? இதை எழுத்தில் தீர்க்காமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். பிரேசிலின் சாவோ பாலோவில் பந்தெய்ராந்தெஸ் குப்பைக் கிடங்குத் திட்டத்தில் நகராட்சிக்கும் திட்டம் நடத்துபவருக்கும் கிரெடிட்டில் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. நகராட்சி தன் பங்கை 2007இல் பொது ஏலத்தில் விட்டுப் பணமாக்கியது. பங்கு தெளிவாக இருந்ததால்தான் அது முடிந்தது.

அடுத்தது கூடுதல்தன்மை. கிரெடிட் வருமானம் இல்லாவிட்டாலும் இந்த வாயு எரிக்கப்பட்டிருக்குமா? சட்டமோ, உரிம நிபந்தனையோ, நீதிமன்ற உத்தரவோ ஏற்கெனவே வாயுவைப் பிடித்து எரிக்கச் சொல்லி, அது நடைமுறையிலும் இருந்தால் உங்களுக்குக் கிரெடிட் கிடையாது, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சட்டம் எரிக்கச் சொல்கிறது, ஆனால் எவ்வளவு என்று சொல்லவில்லை என்றால், குப்பைக் கிடங்கு வாயுவுக்குக் கிரெடிட் கணக்கிடும் ஏசிஎம்0001 என்ற வழிமுறை 20 சதவீதத்தைக் கழிக்கச் சொல்கிறது. துர்நாற்றத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ ஏற்கெனவே சில குழாய்களில் வாயுவை எரித்துவந்தால் அந்த அளவும் கழியும். மூடும்போது போட்ட பழைய ஒப்பந்தங்களை ஒரு வரி விடாமல் படியுங்கள். பின்னால் தணிக்கையாளர் படிக்கத்தான் போகிறார்.

படி 2: உள்ளே எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது?

பணம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தேவைப்படும் தகவல் மூன்று: எந்த ஆண்டு எத்தனை டன் கொட்டினார்கள், அதில் என்னென்ன இருந்தது, அந்த இடத்தின் ஈரமும் வெப்பமும் எப்படி. எடைமேடைப் பதிவு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வண்டி எண்ணிக்கை, மக்கள்தொகை, மேட்டின் கன அளவு ஆகியவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ட்ரோன் அளவாய்வில் கன அளவு நன்றாகக் கிடைக்கும். ஆனால் அதில் எவ்வளவு கட்டட இடிபாடு, எவ்வளவு இடைமண் என்பதைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். இடிபாட்டிலிருந்து மீத்தேன் வராது.

கணிப்புக்கு எல்லோரும் பயன்படுத்துவது முதல்நிலைச் சிதைவு மாதிரி. ஒவ்வொரு ஆண்டுக் குப்பையும், மிச்சமிருக்கும் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் சிதைகிறது என்பதே அதன் அடிப்படை. ஐபிசிசி தரும் இயல்பு எண்களில் சிதையும் வேகம் மலைக்க வைக்கும் அளவுக்கு மாறுகிறது. ஈரமான வெப்பமண்டலத்தில் உணவுக் கழிவின் சிதைவு மாறிலி ஆண்டுக்கு 0.4, உலர்ந்த குளிர்ப் பகுதியில் அதே உணவுக் கழிவுக்கு 0.06. இதைக் காலமாக மாற்றிப் பாருங்கள். ஈர வெப்பமண்டலத்தில் மூடி ஐந்தாண்டு ஆனதும் உணவுக் கழிவின் வாயுத் திறனில் ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். உலர்ந்த குளிர்ப் பகுதியில் நான்கில் மூன்று பங்கு அப்படியே இருக்கும். ஒரு தட்பவெப்பத்தில் வெற்றிபெற்ற திட்டத்தின் அட்டவணையை இன்னொன்றுக்குப் படியெடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். காகிதமும் மரமும் மெதுவாகச் சிதைவதால் நீண்ட வாலாக வாயு தருபவை அவைதான்.

இன்னொரு திருத்தம் ஆழத்தைப் பற்றியது. ஒழுங்காக நிரப்பி இறுக்கிய கிடங்குக்கு மீத்தேன் திருத்தக் காரணி, அதாவது கணித்த மீத்தேனைப் பெருக்கும் எண், 1. ஒழுங்கில்லாமல் கொட்டி, ஐந்து மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் 0.8. அதைவிட ஆழம் குறைந்தால் 0.4 மட்டுமே, காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கும். பரந்து கிடக்கும் மெல்லிய குப்பைமேட்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதே டன் கணக்கு குறுகிய இடத்தில் உயர்ந்து நின்றால்தான் வாயு.

மாதிரி சொல்வது உருவாகும் வாயுவை. கைக்கு வருவது அதில் ஒரு பகுதி. நல்ல மூடுதளமும் முழுமையான கிணற்றுவலையும் உள்ள தளங்களுக்கு 75 சதவீதம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழக்கமான அனுமானம். மெல்லிய மண்போர்வையும் சரிந்த பக்கவாட்டும் உள்ள பழைய மேட்டில் பாதிகூட வராது. ஆலோசகர் 75 போட்டிருந்தால், எந்த ஆதாரத்தில் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

எனவே உறிஞ்சுச் சோதனை செய்யாமல் முதலீட்டில் இறங்காதீர்கள். மேட்டின் வெவ்வேறு வயதுப் பகுதிகளில் சில சோதனைக் கிணறுகள், சுற்றிலும் அழுத்தம் பார்க்கும் துளைகள், வாயுவை உறிஞ்சி இழுக்கும் ஒரு சிறு ப்ளோயர். சில நாள் இழுத்தால் குப்பையின் இடுக்குகளில் தேங்கியிருந்த பழைய வாயு வந்து ஏமாற்றும். சில வாரங்கள் சீராக இழுத்த பிறகும் மீத்தேன் சதவீதமும் ஓட்டமும் நிலைத்து நின்றால் அதுதான் உண்மையான எண். கிணற்றுக்குள் கசிவுநீர், அதாவது குப்பையிலிருந்து ஊறிவரும் அழுக்குநீர், எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதும் இப்போதே தெரிந்துவிடும். மழை அதிகமுள்ள இடங்களில் வாயுவைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

படி 3: ஒரு காகிதத்தில் கணக்கு

விரிவான அறிக்கைக்கு முன் கையாலேயே ஒரு கணக்குப் போடலாம். சோதனையில் மணிக்கு 200 கன மீட்டர் வாயு, அதில் 50 சதவீதம் மீத்தேன் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மீத்தேன் மணிக்கு 100 கன மீட்டர். பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேனின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.7168 கிலோ. ஆக மணிக்கு சுமார் 71.7 கிலோ. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் சுமார் 573 டன்.

வாயுவை எரிக்கும் கருவிதான் ஃப்ளேர். சுடர் கூண்டுக்குள் எரியும் மூடிய ஃப்ளேருக்கு 90 சதவீத எரிப்புத் திறன் என்று எடுத்தால் 516 டன். நீங்கள் பிடிக்காமல் விட்டிருந்தாலும் மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பத்தில் ஒரு பங்கைத் தின்றிருக்கும் என்று வழிமுறை கழிக்கிறது; மிஞ்சுவது 464 டன் சொச்சம். 28ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13,000 டன் கார்பன் டைஆக்சைடு சமானம். ப்ளோயர் குடிக்கும் மின்சாரத்துக்காக இன்னும் கொஞ்சம் கழியும். அதாவது முதல் ஆண்டில் 13,000க்குச் சற்றுக் குறைவான கிரெடிட்.

அடுத்த ஆண்டுக்கு அதே எண்ணைப் போடக் கூடாது. உங்கள் குப்பையின் சிதைவு வேகத்தில் இறக்கிக்கொண்டே போங்கள். மூலதனம், பராமரிப்பு, பதிவுக் கட்டணம், ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் தணிக்கையாளர் கட்டணம் எல்லாவற்றையும் இந்த இறங்கும் வளைவின் எதிரே வையுங்கள். தணிக்கைச் செலவு திட்டத்தின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. சின்னத் திட்டங்களை விழுங்குவது அதுதான். பக்கத்துப் பக்கத்து ஊர்களின் சிறு மேடுகளை ஒரே திட்டமாகத் தொகுக்க, கிரெடிட் வழங்கும் அமைப்பின் தரநிலை இடம் தருகிறதா என்று பார்ப்பது அப்போது பயன்படும்.

மின்சாரம் எடுக்கலாமா என்று உடனே கேட்பார்கள். ஒரு கன மீட்டர் மீத்தேனில் சுமார் 10 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. எஞ்சினில் மூன்றரை முதல் நான்கு வரை மின்சாரமாகும். மேலே சொன்ன வாயுவுக்கு ஏறத்தாழ 350 கிலோவாட் ஜெனரேட்டர் ஓடும். ஆனால் இறங்கும் வளைவில் உச்சத்துக்கு எஞ்சின் வாங்கினால் சில ஆண்டுகளில் அது பாதி வயிற்றோடுதான் ஓடும். ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரிக்கும். ஷாம்பூ, அழகுப்பொருள் போன்றவற்றிலிருந்து வரும் சிலாக்ஸேன் என்ற சிலிக்கான் சேர்மம் எரிந்து மணல்போல் உள்ளே படியும். வாயுவைத் தூய்மைப்படுத்தும் செலவு தனி. மின்கட்டமைப்புக்கு விற்கும் மின்சாரத்துக்கான கிரெடிட்டை எல்லாத் தரநிலைகளும் எல்லா நாடுகளிலும் ஏற்பதில்லை. என் கருத்தில், மூடிய மேட்டுக்கு முதலில் ஃப்ளேர். ஓராண்டு உண்மையான ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, நிச்சயமாக நீடிக்கும் அளவுக்கு மட்டும் எஞ்சின்.

படி 4: தரநிலையும் நேரமும்

குப்பைக் கிடங்கு வாயு கார்பன் சந்தைக்குப் புதிதல்ல. கியோட்டோ ஒப்பந்தத்தின் கிரெடிட் முறையான சிடிஎம் எனப்படும் தூய்மை வளர்ச்சி முறையில் உலகிலேயே முதலில் பதிவான திட்டம், 2004 நவம்பரில், பிரேசிலின் நோவாஜெரார் குப்பைக் கிடங்கு வாயுத் திட்டம்தான். சிடிஎம்மில் பிறந்த ஏசிஎம்0001 வழிமுறையும், சிறு திட்டங்களுக்கான அதன் தம்பி ஏஎம்எஸ் 3ஜியும் பிற தரநிலைகளிலும் புழங்குகின்றன. அமெரிக்காவில் கிளைமேட் ஆக்ஷன் ரிசர்வ், ஏசிஆர் ஆகிய கிரெடிட் வழங்கும் அமைப்புகளுக்குத் தனி நெறிமுறைகள் உண்டு. சட்டக் கட்டாயமில்லாமல் கிரெடிட் வாங்கும் தன்னார்வச் சந்தையின் தரத்தைக் கண்காணிக்கும் ஐசிவிசிஎம் என்ற அமைப்பு 2024 ஜூனில் முதன்முதலாகத் தகுதி முத்திரை கொடுத்த வகைகளில் இதுவும் ஒன்று. ஆனால் முத்திரை குறிப்பிட்ட பதிப்புகளுக்கு மட்டுமே. உங்கள் திட்டம் எந்தப் பதிப்பில் நிற்கிறது என்பது விலையில் தெரியும்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4ஆம் பிரிவின் கீழ் உள்ள ஐ.நா. கிரெடிட் முறையின் வழியில் போனால் நாட்டு அரசின் ஒப்புதல் வேண்டும். வரும் கிரெடிட்டில் 5 சதவீதம் தகவமைப்பு நிதிக்கும், 2 சதவீதம் யாருக்கும் போகாமல் ரத்தாவதற்கும் பிடிக்கப்படும். கிரெடிட் காலம் ஐந்தாண்டு, இருமுறை புதுப்பிக்கலாம். அல்லது புதுப்பிக்க முடியாத பத்தாண்டு. மூடிய மேட்டுக்கு எது ஏற்றது என்பதை உங்கள் வளைவு சொல்லும். மூன்றாம் ஐந்தாண்டில் எரிக்க ஒன்றும் இருக்காது என்றால் புதுப்பிக்கும் உரிமையால் பயனில்லை.

நேரம் தவறினால் எல்லாம் போகும் இடம் ஒன்று உண்டு. கிரெடிட்டை நம்பித்தான் இந்தத் திட்டம் தொடங்கியது என்பதற்கு முன்கூட்டிய சான்று வேண்டும். சிடிஎம்மில் திட்டம் தொடங்கிய 180 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. வேறு தரநிலைகளில் கெடு வேறு. "தொடக்கம்" என்பது பொதுவாக ஃப்ளேர் எரியத் தொடங்கிய நாளைக் குறிப்பதில்லை. பெரிய செலவுக்கு உறுதிகொடுத்த நாளைக் குறிக்கும். ப்ளோயருக்குக் கொள்முதல் ஆணை கொடுத்த அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கலாம்.

சுற்றி வாழும் மக்களோடு கலந்தாய்வும் இந்தக் கட்டத்தில்தான். மேட்டில் பொறுக்கி வாழ்ந்தவர்கள் மூடியதால் பிழைப்பை இழந்திருப்பார்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் எழுதிய அறிக்கை தணிக்கையில் நிற்காது, நிற்கவும் கூடாது.

படி 5: போர்வை, கிணறு, குழாய், ஃப்ளேர்

மூடுதளம் சரியில்லாமல் கிணறு போடுவது வீண். களிமண் அடுக்கோ பிளாஸ்டிக் விரிப்போ, வெடிப்பில்லாமல், மழைநீர் தேங்காமல் வழிந்தோடும் சரிவோடு இருக்க வேண்டும். பக்கச்சரிவுகளைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். காற்று உள்ளே போவதும் அங்கேதான்.

செங்குத்துக் கிணறுகளுக்கு 60 முதல் 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை, நடுவில் பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பகுதியில் துளையிட்ட குழாய், சுற்றிலும் சரளைக்கல். மேல்பகுதியில் துளையில்லாத குழாய், சுற்றிலும் பென்டோனைட் களிமண் அடைப்பு. இந்த அடைப்பில் கஞ்சத்தனம் செய்தால் ப்ளோயர் இழுப்பது காற்றைத்தான். அடியில் தடுப்பு விரிப்பு இருந்தால் துளை அதைத் தொடாமல் சில மீட்டர் மேலேயே நிற்க வேண்டும். கசிவுநீர் ஏறி நிற்கும் கிணறுகளில் பம்பு தேவை. துளையிட்ட பகுதி முழுவதும் தண்ணீரில் மூழ்கிய கிணறு, படத்தில் மட்டுமே கிணறு.

துளையிடும் நாளில் பாதுகாப்பு முதலில். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்தால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 100 பங்கானால் உயிருக்கு உடனடி ஆபத்து. அந்த அளவில் மூக்கு மரத்துப்போவதால் நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி நெருங்குவார்கள். உடலில் அணியும் வாயு அளவி இல்லாமல் ஒருவரும் துளையருகே போகக் கூடாது. தளத்துக்கு வெளியேயும் ஆபத்து உண்டு. 1986 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில், லாஸ்கோ என்ற ஊரில், அருகிலிருந்த குப்பைக் கிடங்கின் வாயு நிலத்தடி வழியே நகர்ந்து ஒரு வீட்டை வெடித்துத் தரைமட்டமாக்கியது. வளிமண்டல அழுத்தம் சட்டென்று இறங்கிய நேரம் அது. எல்லையைச் சுற்றிக் கண்காணிப்புத் துளைகள் போடுவதற்குக் கிரெடிட் கணக்கில் ஒரு வரவும் இல்லை, இருந்தாலும் போடுங்கள்.

கிணறுகளை இணைக்கும் குழாயில் நினைவில் வைக்க வேண்டியது சரிவு. குப்பைக்குள்ளிருந்து வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வரும் வாயு, குழாயில் குளிர்ந்து தண்ணீர் விடும். மேடு ஆண்டுக்காண்டு சீரில்லாமல் அமுங்கும். இன்று சரிவாக இருக்கும் குழாய் நாளை நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கி அடைத்துக்கொள்ளும். எனவே தேவைக்கு அதிகமான சரிவு, தாழ்ந்த இடங்களில் நீர்ப்பொறி, கிணற்றுத்தலையில் வளையும் இணைப்பு. ஒரு பகுதி முழுவதும் திடீரென்று வாயு தராமல் போனால் கிணற்றைச் சந்தேகிக்கும் முன் குழாயில் தண்ணீரைத் தேடுங்கள்.

ஃப்ளேரில் திறந்தது மலிவு, மூடியது விலை அதிகம். ஆனால் சிடிஎம் கருவிவிதிப்படி திறந்த ஃப்ளேருக்கு இயல்பாகக் கொடுப்பது 50 சதவீத எரிப்புத் திறன், மூடியதற்கு 90. படி 3இன் கணக்கில் 90க்குப் பதில் 50 போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 5,700க்கும் மேற்பட்ட கிரெடிட் பறந்துவிடும். இதற்குப் பிறகு யாரும் திறந்த ஃப்ளேரைப் பற்றிப் பேசுவதில்லை.

படி 6: அளவீடு

இங்கே ஒரு விதியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். மூடிய ஃப்ளேருக்கு 90 சதவீதம் கிடைப்பது, தீச்சுடர் இருக்கிறது என்று உணரி சொல்லும், வெப்பமும் ஓட்டமும் உற்பத்தியாளர் சொன்ன வரம்புக்குள் இருக்கும் நிமிடங்களுக்கு மட்டுமே. மற்ற நிமிடங்களுக்குப் பூஜ்ஜியம். ஃப்ளேர் உண்மையில் எரிந்திருக்கலாம், ஊரே பார்த்திருக்கலாம். வெப்ப உணரி பழுதாகிப் பதிவு விட்டுப்போயிருந்தால் அது எரியவில்லை என்றுதான் கொள்ளப்படும்.

ஆகவே ஓட்ட அளவி, மீத்தேன் பகுப்பாய்வி, வெப்ப உணரி, சுடர் உணரி, ப்ளோயரின் மின்மீட்டர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நேரமுத்திரையில் பதியும் தரவுப்பதிவான் வேண்டும். மின்சாரம் போனாலும் அது ஓட வேண்டும். தரவு அன்றன்றே வேறோர் இடத்தில் நகலாக வேண்டும். வெப்ப உணரிக்கும் பகுப்பாய்விக்கும் உதிரி ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். உதிரியின் விலை பெரிதாகத் தெரியலாம். அது கப்பலில் வந்துசேரும் வரை இழக்கும் கிரெடிட்டின் விலையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஓட்டத்தை எந்த நிலைமைக்குத் திருத்துகிறீர்கள் என்பது அடிக்கடி தவறும் இடம். அளவியில் தெரியும் கன மீட்டர் அங்கிருக்கும் வெப்பத்திலா, பூஜ்ஜியம் டிகிரிக்குத் திருத்தியதா, 20 டிகிரிக்குத் திருத்தியதா? அடர்த்தி எண்ணும் அதே நிலைமையுடையதாக இருக்க வேண்டும். ஈரமும் அப்படித்தான். 40 டிகிரியில் ஈரம் நிறைந்த வாயுவில் கன அளவில் சுமார் 7 சதவீதம் நீராவி. பகுப்பாய்வி வாயுவை உலர்த்திவிட்டு மீத்தேன் பார்க்கிறது, ஓட்ட அளவி ஈரத்தோடு அளக்கிறது என்றால் இரண்டையும் நேராகப் பெருக்குவது தவறு. எந்த நிலைமையில் எதைப் பெருக்கலாம் என்பதை வழிமுறை விவரமாகச் சொல்கிறது. வெப்பச்சிதறல் வகை ஓட்ட அளவியானால் இன்னொரு தொல்லை உண்டு. வாயுக் கலவை மாறினால் அதன் எண்ணும் நகரும்.

அளவுச் சான்றிதழ் காலாவதியாகும் நாட்களைச் சுவரில் எழுதி மாட்டுங்கள். கருவியைத் தளத்திலேயே வைத்துச் சோதிக்கும்போது பிழை ஐந்து சதவீதத்தைத் தாண்டினால், கிளைமேட் ஆக்ஷன் ரிசர்வ் நெறிமுறையில் முந்தைய நல்ல சோதனை வரைக்கும் பின்னோக்கிப் போய் எண்களைத் திருத்த வேண்டிவரும். அடிக்கடி சோதிப்பவருக்குத் திருத்தும் காலம் சிறிது.

படி 7: அன்றாடம் ஓட்டுவது

கட்டி முடித்ததும் பொறியாளர்கள் போய்விடுவார்கள். திட்டத்தைக் காப்பாற்றுவது கையில் பகுப்பாய்வியோடு கிணறு கிணறாக நடக்கும் ஒரு தொழில்நுட்பப் பணியாளர். அவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள்.

அவர் பார்ப்பது மீத்தேன், கார்பன் டைஆக்சைடு, ஆக்சிஜன், மிச்சமாக நைட்ரஜன், வெப்பம், அழுத்தம். செய்வது வால்வைக் கொஞ்சமாகத் திறப்பதும் மூடுவதும்தான். ஆனால் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். காற்றில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஏறக்குறைய ஒன்றுக்கு நான்கு. கிணற்றில் ஆக்சிஜன் 4, நைட்ரஜன் 15 என்று காட்டினால் விகிதம் காற்றினுடையதே. குழாயிலோ கிணற்றுத்தலை இணைப்பிலோ கசிவு. இறுக்கினால் சரியாகிவிடும். ஆக்சிஜன் அரை சதவீதம்தான், நைட்ரஜன் 18 என்றால் அது வேறு கதை. காற்று மேல்மண் வழியே குப்பைக்குள் இறங்கியிருக்கிறது. ஆக்சிஜனை உள்ளேயே நுண்ணுயிர்கள் தின்றுவிட்டு நைட்ரஜனை மட்டும் அனுப்பியிருக்கின்றன. அந்தக் கிணற்றை அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள். வால்வைக் குறைத்துவிட்டு மேல்மண்ணில் வெடிப்பைத் தேட வேண்டும்.

கிரெடிட் குறைகிறதே என்று மேலிடம் நெருக்கும்போது வால்வைத் திறக்கத் தோன்றும். வற்றிய மடியை அழுத்திக் கறப்பதுபோல் அது. மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு; காற்று புகுந்த பகுதி பல வாரங்களுக்கு மீத்தேன் தராது. அதைவிட மோசம் உள்ளே தீப்பிடிப்பது. கிணற்று வெப்பம் 55 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே இழுப்பைக் குறைத்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கார்பன் மோனாக்சைடு பாருங்கள். பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினால் நிலத்தடித் தீ என்றே கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும். மேலே புகை தெரியாது. மேடு ஓரிடத்தில் திடீரென்று அமுங்குவதுதான் பல நேரம் முதல் அடையாளம். அமெரிக்காவின் மிசௌரியில் பிரிட்ஜ்டன் குப்பைக் கிடங்கில் 2010இல் கண்டறியப்பட்ட நிலத்தடிக் கனற்சி பல ஆண்டுகள் அடங்கவில்லை.

படி 8: தணிக்கை, வழங்கல்

திட்ட ஆவணத்தைத் தரநிலை ஏற்ற ஒரு சுதந்திர நிறுவனம் ஆய்ந்து ஒப்ப வேண்டும்; பிறகு பதிவு. ஓடத் தொடங்கிய பின் உங்கள் கண்காணிப்பு அறிக்கையை மீண்டும் ஒரு தணிக்கையாளர் சரிபார்ப்பார். அதன்பின் உங்கள் கணக்கில் கிரெடிட் வழங்கப்படும். முதல் கிரெடிட்டைக் கண்ணால் பார்க்க, தொடங்கியதிலிருந்து ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். அதுவரைக்கும் கைப்பணம் வேண்டும்.

ஆவணத்தில் எழுதிய கண்காணிப்புத் திட்டத்துக்கும் களத்தில் மாட்டிய கருவிக்கும் ஒரு வேறுபாடும் இருக்கக் கூடாது. கருவியை மாற்றினால் அன்றே எழுதி வையுங்கள், பழைய கருவியின் கடைசி எண்ணோடு. தணிக்கையாளர்கள் கேட்பது பெரும்பாலும் இத்தகைய சின்னச் சின்னக் கேள்விகளைத்தான்.

படி 9: விற்பது

கிரெடிட் விலையை நம்பிக் கடன் வாங்குபவர்கள் சிடிஎம்மின் வரலாற்றை ஒருமுறை பார்க்க வேண்டும். 2008இல் 20 யூரோவைத் தாண்டிய கிரெடிட், 2012 முடியும்போது ஒரு யூரோவுக்கும் கீழே. மீத்தேன் அதே மீத்தேன்தான்.

முன்கூட்டியே வாங்க ஒப்பந்தம் போடுபவர் கிடைத்தால் இரண்டு வரிகளைக் கவனமாகப் பாருங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கட்டாயம் தருவேன் என்று உறுதி கொடுக்காதீர்கள். விளைந்ததைத் தருவேன் என்று எழுதுங்கள். குறைந்தால் சந்தையில் வாங்கித் தர வேண்டும் என்ற நிபந்தனை, இறங்கும் வளைவில் நிற்பவருக்குத் தூக்குக்கயிறு. இன்னொன்று அரசின் இசைவுச் சரிக்கட்டல். கிரெடிட் வெளிநாட்டுக் கணக்குக்குப் போகும்போது உங்கள் நாடு அந்தக் குறைப்பைத் தன் சாதனைக் கணக்கிலிருந்து விட்டுக்கொடுக்க ஒப்ப வேண்டும். அந்த ஒப்புதல் வராவிட்டால் நட்டம் யாருடையது என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

படி 10: வாயு ஓயும்போது

மீத்தேன் 25, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சாதாரண மூடிய ஃப்ளேர் நிலையாக எரியாது. முதலில் வற்றிய கிணறுகளை மூடிவிட்டு நல்லவற்றை மட்டும் இழுக்கலாம். பின்பு ஃப்ளேரை மணிக்கணக்கில் நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். அதற்கும் பிறகு சிறிய ஃப்ளேர். ப்ளோயரின் மின்செலவும் தணிக்கைக் கட்டணமும் கிரெடிட் வருமானத்தைத் தொடும் ஆண்டு எது என்பதைத் தொடக்கத்திலேயே குறித்துவைத்திருந்தால் அந்த ஆண்டு அதிர்ச்சியாக வராது.

கிரெடிட் நின்ற பிறகும் மீத்தேன் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மக்கிய உரம் கலந்த தடித்த மேல்படுகை போட்டால் அதில் வளரும் நுண்ணுயிர்கள் மெல்லிய கசிவைத் தின்றுவிடும். கிரெடிட் ஓடும் ஆண்டுகளின் வருமானத்திலிருந்தே இதற்கொரு நிதியை ஒதுக்கிவையுங்கள். கைவிட்ட கிணறுகளைக் களிமண்ணால் அடைப்பது, கசிவுநீர்ப் பம்பை ஓட்டுவது, எல்லைத் துளைகளில் மாதாமாதம் வாயு பார்ப்பது எல்லாம் அந்த நிதியில்தான் நடக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இந்தக் கடமை யாருடையது, எத்தனை ஆண்டுக்கு என்பதைப் படி 1இலேயே எழுதியிருக்க வேண்டும்.